வாசகர் கேள்வி பதில்: அன்லிமிடெட் ஹோஸ்டிங்கா, அளவு போட்ட ஹோஸ்டிங்கா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் எட்டு பேர் ஏறக்குறைய ஒரே சந்தேகத்தை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். வெப்சைட் வைக்க சர்வரில் இடம் (இதைத்தான் ஹோஸ்டிங் என்கிறோம்) வாங்கும்போது "அன்லிமிடெட்" என்று போட்டிருப்பதை வாங்கலாமா, இத்தனை ஜிபி என்று எழுதியிருப்பதை வாங்கலாமா என்பதுதான் சந்தேகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் செய்கிறோம், கூரியரில் வெளியூருக்கும் அனுப்புகிறோம். சொந்தமாக ஒரு வெப்சைட் போடலாம் என்று பார்த்தால், மச்சினன் "அன்லிமிடெட் பிளான் எடுங்க, இடத்துக்கும் டேட்டாவுக்கும் கணக்கே கிடையாது" என்கிறான். சைட் செய்து தரும் பையனோ 10 ஜிபி இடமும், மாதம் 100 ஜிபி பேண்ட்விட்த்தும் (சைட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் போகிற டேட்டா) தாராளம் என்கிறான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் கணக்கில்லாததை எடுப்பதுதானே சார் புத்தி?
(மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: பையன் சொன்னதுதான் சரி, உங்களுக்கு 10 ஜிபியே அதிகம். மச்சினன் கேட்பதிலும் தப்பில்லை, விலை ஒன்றானால் கூடுதலாகக் கிடைப்பதை எடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் கூடுதலாக எதைத் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

குறைந்த விலையில் கிடைப்பதெல்லாம் ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் குடியிருக்கும். அந்தச் சர்வரில் டிஸ்க் இவ்வளவு, ரேம் இவ்வளவு, பிராசஸர் இத்தனை கோர், வெளியே போகிற லைனின் வேகம் இத்தனை என்று எல்லாமே ஒரு எண்ணுக்குள் அடங்கியவை. நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. அங்கிருந்து வருகிற தண்ணீர்தான் தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று பிரிந்து நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் போகிறது. ஒரு விவசாயியிடம் "உன் மடைக்கு அளவே கிடையாது, வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அணையில் ஒரு அடி தண்ணீர் கூடிவிடுமா? மேலே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஷட்டரைத் தூக்கினால் கடைவரம்பு வயல் காய்ந்துதான் கிடக்கும், அதனால்தான் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துத் திறக்கிறார்கள். ஷேர்டு சர்வரிலும் அதே முறைதான் நடக்கிறது.

லைனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வருக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் லைன் இருக்கிறது என்று வைப்போம். அது 30 நாளும் ஒரு நொடி ஓயாமல் முழு வேகத்தில் ஓடினாலும் மொத்தம் போகக்கூடியது 324 டெராபைட். அதுவும் அந்தச் சர்வரில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து. அப்படியிருக்க ஒருவருக்கு மட்டும் எல்லையில்லாமல் எப்படிக் கொடுக்க முடியும்? பிறகு எந்தத் தைரியத்தில் அன்லிமிடெட் என்று விற்கிறார்கள் என்றால், பெரும்பாலான சிறு வெப்சைட்டுகள் ஒரு ஜிபி, இரண்டு ஜிபி இடத்தைக்கூடத் தாண்டுவதில்லை, பத்துப் படம், நாலு பக்கம், ஒரு தொடர்பு எண், அவ்வளவுதான். டிஸ்க் இன்றைக்கு மலிவு. மலிவாகவும் இருந்து, யாரும் அதிகம் தொடாததாகவும் இருக்கிற ஒன்றுக்கு அளவு போடாமல் விடுவதில் நிறுவனத்துக்கு நஷ்டம் இல்லை.

உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது பிராசஸரும் ரேமும். அதற்கு அளவு உண்டு, எல்லாப் பிளானிலும் உண்டு, அன்லிமிடெட்டிலும் உண்டு. முன்பெல்லாம் ஒரு சைட் கிறுக்குப் பிடித்தது போல் ஓடினால் அந்தச் சர்வரில் இருக்கும் எல்லா சைட்டுகளும் சேர்ந்து படுத்துவிடும். 2010-ல் கிளவுட்லினக்ஸ் என்கிற சர்வர் மென்பொருள் வந்த பிறகு ஒவ்வொரு கணக்கையும் தனித்தனிக் கூண்டில் போட்டு, இத்தனை பிராசஸர், இத்தனை ரேம், ஒரே நேரத்தில் இத்தனை வேலை என்று பூட்டு போட முடிந்தது. ஒரு கோர், 1 ஜிபி ரேம், ஒரே நேரத்தில் 20 வேலை என்பது பல இடங்களில் நீங்கள் பார்க்கக்கூடிய அளவு. விளம்பரத்தில் இந்த எண்கள் வராது. விதிமுறைப் பக்கத்தில், "நியாயமான பயன்பாடு" என்கிற தலைப்புக்குக் கீழே தேடிப் படிக்க வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, இடத்தை பேக்கப் வைக்கும் கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது, வீடியோ குவிக்கக் கூடாது, மணிக்கு இத்தனை மெயிலுக்கு மேல் அனுப்பக் கூடாது, எல்லாம் அங்கேதான் இருக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான்: எண்ணை வெளிப்படையாக எழுதி விற்கிற நிறுவனத்தை நான் கூடுதலாக நம்புவேன். 10 ஜிபி என்று எழுதிக் கொடுத்தால் 9 ஜிபி ஆகும்போது எனக்கே தெரியும், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம், வாக்குவாதம் வராது. எழுதாத எல்லை எப்போது இடிக்கும் என்று தெரியாது, இடிக்கும் நாள் பெரும்பாலும் வியாபாரம் நன்றாக நடக்கிற நாளாகவே இருக்கும். உங்கள் தேன் சைட்டுக்கு 5 ஜிபி இருந்தால்கூடப் போதும். மச்சினனிடம் ரேம் எவ்வளவு, ஒரே நேரத்தில் எத்தனை வேலை, பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மூன்றையும் விசாரித்து வரச் சொல்லுங்கள், இரண்டு பிளானையும் அதை வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பங்கு ஆலயத்தின் வெப்சைட்டை நாங்கள் நான்கு இளைஞர்கள் சேர்ந்து நடத்துகிறோம். பத்து நாள் திருவிழாவில் தினமும் முந்நூறு போட்டோ ஏற்றுவோம், வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். பிளான் அன்லிமிடெட். ஆனால் தேர்ப்பவனி அன்று ராத்திரி 508 என்று பிழை காட்டி சைட் நின்றுவிட்டது. கேட்டால் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். அன்லிமிடெட் என்று வாங்கியது எதற்கு அண்ணா?
(குளச்சல் பக்கத்து வாசகர்கள்)

பதில்: தம்பிகளே, வெளிநாட்டில் இருப்பவன் தேர் வருவதைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சைட் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் பணத்தை இன்னும் கொட்டுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

508 என்பது இடமோ டேட்டாவோ தீர்ந்ததற்கான எண் கிடையாது. மேலே சொன்ன "ஒரே நேரத்தில் இத்தனை வேலை" என்கிற வரம்பு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கிற சிபேனல் என்கிற பக்கத்தில் இதை என்ட்ரி பிராசஸ் என்று காட்டும். 20 என்றால் 20 பேர்தான் பார்க்க முடியும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படியில்லை. பிஎச்பி (பக்கத்தைச் சர்வரில் தயார் செய்கிற நிரல்) ஓடிக்கொண்டிருக்கிற வேலைகளின் எண்ணிக்கைதான் 20. உங்கள் பக்கம் ஒன்று தயாராக அரை நொடி ஆகிறதென்றால், நொடிக்கு 40 கோரிக்கையைத் தாங்கும். அதே பக்கம் தயாராக 4 நொடி ஆனால் நொடிக்கு 5 தான், ஆறாவது ஆளுக்கு 508. பிளான் மாறவே இல்லை, சர்வர் மாறவே இல்லை, பக்கம் தயாராகும் நேரம் மட்டும்தான் மாறியது, தாங்கும் திறன் எட்டில் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

ஆக முதல் வேலை, கேஷ் பிளகின் (சைட்டோடு சேர்க்கிற துணை நிரல்) ஒன்றைச் சரியாக அமைப்பது. ஒருமுறை தயாரித்த பக்கத்தை அப்படியே சேமித்து வைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுக்கும்படி செய்துவிட்டால், பெரும்பாலானவர்கள் வரும்போது பிஎச்பி ஓடவே வேண்டியிருக்காது, என்ட்ரி பிராசஸ் கணக்கிலும் ஏறாது. அடுத்து, சைட்டுக்கும் பார்க்கிறவர்களுக்கும் நடுவில் நிற்கிற கிளவுட்ஃப்ளேர் என்கிற சேவையின் இலவசக் கணக்கில் டொமைனை (சைட்டின் பெயரை) இணைத்துவிட்டால் போட்டோக்களை அதுவே தன்னிடம் வைத்துக்கொண்டு கொடுக்கும். நேரலையை எந்தக் காரணத்துக்கும் உங்கள் சர்வரிலிருந்து விடாதீர்கள், யூடியூப்பில் ஓடவிட்டு உங்கள் பக்கத்தில் பதித்துவிடுங்கள். இன்னொன்று, சைட்டை வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருளில் வைத்திருந்தால் எக்ஸ்எம்எல்ஆர்பிசி என்கிற கோப்பையும் லாகின் பக்கத்தையும் தட்டிக்கொண்டே இருக்கிற தானியங்கி ஆசாமிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் உங்கள் 20-ல் ஒன்றைத் தின்னும். யார் யார் வந்தார்கள் என்று பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தால் தேர் பார்க்க வந்தவர்களைவிட இவர்கள் அதிகமாக இருந்தாலும் இருப்பார்கள், அவர்களைத் தடுத்தாலே பாதி பாரம் இறங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் நின்றால் பெரிய பிளானுக்குப் போங்கள், அப்போது அந்தச் செலவில் அர்த்தம் உண்டு. போகும்போதும் ஜிபி எவ்வளவு கூடுகிறது என்று கேட்காதீர்கள், என்ட்ரி பிராசஸ் எத்தனையாகிறது என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து உங்களை இடிக்கப் போவது அதுதான். சர்வரில் ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு ஐநோட் என்று கணக்கு. நீங்கள் ஒரு போட்டோ ஏற்றினால் வேர்ட்பிரஸ் 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் என்று பல அளவில் பிரதி எடுத்து வைக்கும், பெரிய படமானால் 2560-க்குச் சுருக்கிய பிரதி ஒன்று தனி, மூலப்படம் தனி. ஆக ஒரு போட்டோ என்பது எட்டுக் கோப்பு. பத்து நாள், நாளுக்கு முந்நூறு என்றால் 3,000 போட்டோ, 24,000 கோப்பு. ஆறு திருவிழா முடிந்தால் 1,44,000. பல நிறுவனங்களில் அன்லிமிடெட் பிளானுக்கே ஐநோட் வரம்பு இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் என்றுதான் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரு கணக்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அதற்குத் தானாக பேக்கப் எடுப்பதை நிறுத்திவிடும் நிறுவனங்கள் உண்டு, அதுவும் விதிமுறையில் ஒரு வரியாகத்தான் இருக்கும். சைட் போனால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பழைய தேர்ப்பவனிப் படங்கள், அதில் இருந்து இன்று இல்லாமல் போன பெரியவர்களின் முகங்கள், அதெல்லாம் போனால் திரும்ப வராது. மூலப்படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து இரண்டு வேறு வீட்டில் வையுங்கள், சைட்டில் தேர்ந்தெடுத்த படங்களைச் சுருக்கிப் போட்டால் போதும்.

கேள்வி: கன்னியாகுமரியில் எட்டு அறை கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அளவு போட்ட பிளான் எடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் எனக்கு எவ்வளவு பேண்ட்விட்த் தேவை என்று எப்படிக் கணக்குப் போடுவது?
(கன்னியாகுமரி வாசகி)

பதில்: அம்மா, கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு பக்கத்தின் எடை, ஒருவர் பார்க்கும் பக்கங்கள், ஒரு நாளில் வருகிறவர்கள், 30 நாள், நாலையும் பெருக்குங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது முதல் எண்ணில்தான். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒரு படம் 5 எம்பி. அறை, பால்கனி, சூரிய உதயம், சாப்பாடு என்று பன்னிரண்டு படம் ஒரே பக்கத்தில் போட்டால் அந்தப் பக்கம் 60 எம்பி. நாளுக்கு 200 பேர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தாலே மாதம் 360 ஜிபி. அதே படங்களைத் திரைக்கு ஏற்ற அளவில், படம் 200 கேபி வருமாறு சுருக்கினால் பக்கம் 2.4 எம்பி ஆகும், மாதம் 14.4 ஜிபி. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம், பார்க்கிறவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. சுருக்காமல் வைத்துக்கொண்டு அன்லிமிடெட் வாங்கி இதைத் தீர்க்கலாம் என்று நினைத்தால், உங்கள் பையிலிருந்து பணம் போகாமல் இருக்கலாம், ஆனால் ரயிலில் வந்துகொண்டே போனில் அறை தேடுகிறவருக்கு 60 எம்பி இறங்கி முடிவதற்குள் அவர் அடுத்த லாட்ஜில் புக் செய்துவிடுவார்.

அப்புறம், சராசரி மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்களுக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை சபரிமலை சீசன், அதோடு பள்ளி விடுமுறை, சித்ரா பௌர்ணமி என்று கூட்டம் குவியும் நாட்கள் உண்டு. கூட்டமான மாதத்தின் கணக்கைப் போட்டு அதில் இரண்டு மடங்கு வாங்குங்கள். அளவு தாண்டினால் அந்த மாதம் முடியும்வரை 509 என்று காட்டி சைட்டையே நிறுத்திவிடும் இடங்களும் உண்டு, கூடுதல் கட்டணம் போடும் இடங்களும் உண்டு, உங்கள் நிறுவனம் எந்த ரகம் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். 80 சதவீதம் தொட்டதும் எச்சரிக்கை மெயில் வருமா என்றும் கேளுங்கள். அளவு போட்ட பிளானில் இருக்கும் ஆபத்து இதுதான், அது முன்கூட்டியே தெரிகிற ஆபத்து.

கேள்வி: தோவாளையில் பூ வியாபாரம். தினமும் காலையில் பூ விலையைச் சைட்டில் போடுகிறேன். ஓணம் சமயத்தில் கேரளாவிலிருந்து ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள். அன்லிமிடெட் வேண்டுமா?
(தோவாளை வாசகர்)

பதில்: வேண்டாம். விலைப்பட்டியல் பக்கம் 50 கேபிக்குள் அடங்கும். ஒரு நாளில் 5,000 பேர் பார்த்தாலும் 250 எம்பி. அதை வேர்ட்பிரஸ்ஸில் வைக்காமல் வெறும் எச்டிஎம்எல் பக்கமாக வைத்தால் பிஎச்பி ஓடாது, இருப்பதிலேயே மிகச் சிறிய பிளான் அதைத் தாங்கும். மிச்சப் பணத்தில் பூ வாங்குங்கள் ஐயா.

கேள்வி: குழித்துறையில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறோம். போன மாதம் நான்கு நாள் யாருடைய மெயிலும் வரவில்லை. அனுப்பியவர்களுக்கெல்லாம் திரும்பிப் போயிருக்கிறது. எங்கள் பிளான் 5 ஜிபி. அன்லிமிடெட் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது அல்லவா?
(குழித்துறை வாசகர்)

பதில்: 5 ஜிபி நிரம்பிவிட்டது, அதுதான் நடந்தது. இடம் நிரம்பினால் முதலில் நிற்பது மெயில், அப்புறம் புதுப் படம் ஏறாது, அப்டேட் பாதியில் நின்று சைட்டே உடையும். அன்லிமிடெட்டில் இந்த முறை தப்பித்திருப்பீர்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலான ஷேர்டு சர்வரில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனிக் கோப்பாகத்தான் கிடக்கிறது. நான்கு ஊழியர்கள், ஆளுக்கு நாளுக்கு நூறு மெயில் என்றால் மாதம் 12,000 கோப்பு, குப்பை மெயில் வேறு. எதையும் அழிக்காமல் விட்டால் ஒன்றரை வருஷத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டி ஐநோட் வரம்பில் போய் முட்டும், அப்போதும் இதே மாதிரி மெயில் நிற்கும், காரணம் கண்டுபிடிப்பதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கும்.

வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி என்று கெடு வைத்து ஓடுகிற அலுவலகம் உங்களுடையது. அலுவலக மெயிலை மலிவான வெப் ஹோஸ்டிங்கோடு ஒட்டி வைக்கவே வேண்டாம் என்பேன். மெயிலுக்கென்றே ஆளுக்கு இத்தனை ஜிபி என்று கணக்கு வைத்து விற்கிற தனிச் சேவை எடுங்கள். செலவு கூடும், ஆனால் சைட் படுத்தால் மெயில் படுக்காது, மெயில் நிரம்பினால் சைட் படுக்காது.

கேள்வி: நாகர்கோவிலில் சின்னதாக ஒரு துணிக்கடை. சைட் செய்து கொடுத்தவர் "என்னிடம் அன்லிமிடெட் கணக்கு இருக்கிறது, உங்களுடையதையும் அதிலேயே போட்டுவிடுகிறேன், வருஷத்துக்கு ஒரு தொகை கொடுங்கள்" என்கிறார். நல்ல மனுஷர்தான். ஒப்புக்கொள்ளலாமா?
(வடசேரி வாசகி)

பதில்: அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் என் கையாலேயே நடந்த ஒன்று.

சில வருஷங்களுக்கு முன் தெரிந்தவர்களின் எட்டு சைட்டுகளை ஒரே அன்லிமிடெட் கணக்கில் வைத்திருந்தேன். இடத்துக்கும் சைட் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை என்று போட்டிருந்ததால் நானும் சேர்த்துக்கொண்டே போனேன். அதில் ஒரு சைட்டில் ஒரு பழைய பிளகின் புதுப்பிக்காமல் கிடந்தது. அந்த வழியாக யாரோ உள்ளே நுழைந்து, ஒரே கணக்கு என்பதால் எட்டு ஃபோல்டரிலும் கை வைத்துவிட்டார்கள். அது மொத்தச் சர்வரின் பிராசஸரையும் இழுக்க ஆரம்பித்ததும் நிறுவனம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கணக்கை முடக்கிவிட்டது. எட்டும் போயின. அவர்கள் முடக்கியதைக்கூட நான் தப்பு சொல்ல மாட்டேன், அதே சர்வரில் இருந்த மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டுமே. செவ்வாய்க்கிழமைதான் எல்லாவற்றையும் சுத்தம் செய்து திறக்க முடிந்தது. அதில் ஒருவர் டிசம்பர் மாதத்தில் அறை வாடகைக்கு விடுகிறவர், மூன்று நாள் அவருக்கு ஒரு புக்கிங்கூட வரவில்லை. அவர் சைட்டில் எந்தப் பிழையும் இல்லை. பக்கத்து ஃபோல்டரில் இருந்த யாரோ ஒருவரின் பழைய பிளகினுக்காக அவர் நஷ்டப்பட்டார். அவரிடம் போய் நின்று அதைச் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சைட்டுக்கு ஒரு கணக்கு, சின்ன அளவு போட்ட பிளானாக இருந்தாலும் தனிக் கணக்கு என்று மாறிவிட்டேன்.

அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயில் முகவரியில், உங்கள் போன் நம்பரில் பதிவாக வேண்டும். ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரில் தனியாக வாங்கி, வேலை செய்ய அவருக்கு அனுமதி கொடுங்கள். அவருடைய உழைப்புக்கான தொகையைத் தாராளமாகக் கொடுங்கள். கடையை வாடகைக்கு எடுத்தால் ஒப்பந்தம் யார் பெயரில் என்று பார்க்காமல் இருப்பீர்களா? நாளைக்கு அவர் வெளிநாடு போனாலும், தொழிலை விட்டாலும், கடைப்பெயர் உங்களிடமே இருக்கும்.

கேள்வி: விபிஎஸ் எடுத்தால் இந்த அன்லிமிடெட் தொல்லையே இல்லை என்கிறார்களே?
(ஆரல்வாய்மொழி கல்லூரி மாணவர்)

பதில்: விபிஎஸ் என்பது ஒரு சர்வரில் நமக்கென்று தனியாகப் பிரித்துக் கொடுக்கிற பங்கு, அது முழுக்க முழுக்க அளவு போட்ட பொருள்தான் தம்பி. 2 ஜிபி ரேம், 2 கோர், 40 ஜிபி டிஸ்க், மாதம் இத்தனை டெராபைட் என்று எழுதியே விற்பார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அப்டேட், பாதுகாப்பு, பேக்கப், மெயில் எல்லாம் உங்கள் தலையில். சிபேனல் வேண்டுமென்றால் அதற்குத் தனி லைசென்ஸ் கட்டணம், அதுவும் 2019-லிருந்து கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுகிறது. கற்றுக்கொள்ள எடுங்கள், மிக நல்ல பள்ளிக்கூடம். அடுத்தவர் வியாபாரத்தை அதில் வைக்க ஒரு வருஷமாவது பழகிய பிறகு யோசியுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே ஒரு அன்லிமிடெட் பிளானுக்கு மூன்று வருஷப் பணம் கட்டிவிட்டேன். மாதம் 99 ரூபாய் என்று பார்த்துக் கட்டினேன். ஏமாந்துவிட்டேனா?
(கருங்கல் வாசகர்)

பதில்: ஏமாந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன், உங்கள் சைட் சின்னதென்றால் அது நன்றாகவே ஓடும். நீங்கள் பார்க்க வேண்டியது ரினீவல் விலையைத்தான். 99 ரூபாய் என்பது 36 மாதத்துக்கு 3,564, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 4,206 ரூபாய் கட்டியிருப்பீர்கள். ரினீவலில் மாதம் 349 என்று எங்காவது எழுதியிருந்தால், ஒரே ஒரு வருஷத்துக்கு ஜிஎஸ்டியோடு 4,942 ஆகும். அதாவது நாலாவது வருஷம் மட்டும் முதல் மூன்று வருஷத்தையும் சேர்த்ததைவிட அதிகம். உங்கள் பில்லை எடுத்து ரினீவல் தொகை என்ன என்று இன்றைக்கே பாருங்கள். கட்டி 30 நாள் ஆகவில்லையென்றால் பல நிறுவனங்களில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், டொமைனுக்குக் கொடுத்தது மட்டும் திரும்பாது.

நாள் தாண்டிவிட்டதென்றால் மூன்று வருஷத்தையும் நிம்மதியாகப் பயன்படுத்துங்கள். அன்லிமிடெட் என்பதற்காக வீட்டுப் போட்டோ, கல்யாண வீடியோ என்று எதையும் அதில் கொண்டுபோய்க் குவிக்காதீர்கள், சைட்டுக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். தானாக ரினீவல் ஆகும் வசதி இயல்பாகவே போட்டிருக்கும், அதை எடுத்துவிட்டு, மூன்றாம் வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது நினைவுபடுத்தும்படி போனில் குறித்துக்கொள்ளுங்கள். டொமைனை மட்டும் ஒருநாளும் காலாவதியாக விடாதீர்கள், ஹோஸ்டிங்கை மாற்றிக்கொள்ளலாம், பெயர் போனால் அடுத்தவர் கைக்குப் போய்விடும். சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் என்று ஒரு பகுதி இருக்கும், மாதம் ஒருமுறை அதைத் திறந்து பிராசஸர், ரேம், ஐநோட் மூன்றும் எங்கே நிற்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த பிளான் வாங்கும்போது அந்த நோட்டுதான் உங்களுக்குத் தேவையான அளவைச் சொல்லும். அதே நாளில் முழு பேக்கப்பையும் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கி, சுருக்கப்பட்ட அந்தக் கோப்பைத் திறந்து பக்கங்களும் படங்களும் டேட்டாபேஸும் உள்ளே இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.